முதல் குழல்: எட்டுத் துளையா, ஆறு துளையா?

புல்லாங்குழல் கற்க வருகிறவர்கள் பலர் ஏற்கெனவே ஓர் ஓசையைக் காதில் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். பெரும்பாலும் அது ஹரிபிரசாத் சௌராசியாவின் நீண்ட பான்சுரி, அதாவது வட இந்தியப் புல்லாங்குழல், எழுப்பும் கனத்த அடிநாதம். நானும் அப்படித்தான் கடைக்குப் போய் ஒரு பான்சுரி வாங்கினேன். ஏறக்குறைய இரண்டரை அடி நீளம், நுனியில் "ஈ" (E) என்று சுருதி முத்திரை, ஆறு துளை. வீட்டுக்கு வந்து ஊதினால் வெறும் காற்று. விரல்கள் துளைகளை எட்டின, மூடத்தான் இல்லை. மோதிர விரலின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும், அதற்குக் கீழே எத்தனை துளையை மூடினாலும் சுரம் இறங்காது.

நீளமான பான்சுரி ஒன்றும் தொன்மையான கருவி அல்ல. பன்னாலால் கோஷ் (1911–1960) கயால் என்ற இந்துஸ்தானிப் பாட்டு பாணிக்கு ஏற்ற ஆழமான நாதம் வேண்டும் என்று 32 அங்குலக் குழலைச் செய்துகொண்டார். அது தேர்ந்த கலைஞர் தன் தேவைக்காக வடித்த கருவி. முதல் நாள் மாணவன் அதில் தொடங்குவது, சைக்கிள் பழகாதவன் லாரியில் ஏறுவது போலத்தான். இந்துஸ்தானி ஆசிரியர்களில் பலரும் தொடக்கத்துக்கு நடுத்தர நீளக் குழலைத்தான் சொல்கிறார்கள்.

கர்நாடகக் குழல் கைக்கு அடக்கம். தொடக்கநிலைக்கு வழக்கமாகத் தரப்படும் ஐந்து கட்டைக் குழல் (கட்டை என்பது சுருதியின் அளவு) சுமார் ஒன்றேகால் அடிதான். மூங்கிலின் சுவர் தடிப்பாக இருக்கும். விரல் துளை எட்டு. ஏழை மூடித் திறந்து வாசிப்பார்கள், எட்டாவது எப்போதும் திறந்தே கிடக்கும். துளைகள் நெருக்கமாக இருப்பதால் பத்து வயதுப் பிள்ளையின் விரலும் எட்டும். கச்சேரி மேடையில் இந்தக் குழலுக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர் கும்பகோணம் சரப சாஸ்திரி. பிறகு மாலி என்ற டி.ஆர். மகாலிங்கம் (1926–1986) விரல் வைக்கும் முறையையே மாற்றி, வாய்ப்பாட்டின் கமகங்களை, அதாவது சுரத்தை அசைத்தும் இழைத்தும் பாடும் நெளிவுகளை, குழலுக்குள் கொண்டுவந்தார். அவருடைய மாணவர் என். ரமணி நீண்ட குழலையும் கர்நாடக மேடையில் வாசித்தார். ஆழமான நாதம் வேண்டும் என்பதற்காக வடக்கே போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

இரண்டு மரபுக்கும் உள்ள பெரிய வேறுபாடு துளைக் கணக்கில் இல்லை. ஸட்ஜம், அதாவது ஆதார சுரமான ஸ, எங்கே பிறக்கிறது என்பதில்தான் இருக்கிறது. கர்நாடகக் குழலில் முதல் இரண்டு துளைகளை மூடினால் ஸ. பான்சுரியில் மூன்றை மூட வேண்டும். இது தெரியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "ஈ" என்றால் மூன்று கட்டை. சுருதிப்பெட்டியை மூன்று கட்டையில் வைத்து, அக்கம்பக்கத்தில் கேட்டறிந்தபடி இரண்டு துளையை மூடி ஊதினேன். சேரவே இல்லை. குழலில் கோளாறு என்று கடைக்குத் திரும்பிப் போய்ச் சண்டைக்கு நின்றேன். கடைக்காரர் குழலை வாங்கி, மூன்று துளையை மூடி ஊதிக் காட்டினார். பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. நான் ஒரு வாரமாக ரிஷபத்தை (ரி) ஸட்ஜம் என்று நினைத்து ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் குழலை நம் கர்நாடக விரல்முறையில் வாசிப்பதானால் அது நாலரைக் கட்டை.

ஸட்ஜம் இடம் மாறுவதால் முதல் பாடத்தின் கடினமும் மாறுகிறது. பான்சுரியில் துளைகளை ஒவ்வொன்றாக முழுசாக மூடித் திறந்தாலே யமன் ராகம், அதாவது நம் கல்யாணி, வந்துவிடும். துளையைப் பாதி மட்டும் மூடும் அரைத் துளை வித்தை சுத்த மத்தியமத்துக்குத்தான் (தாழ்ந்த ம) முதலில் தேவைப்படும். நம் குழலில் இயல்பாக விழுவது ஹரிகாம்போதி ராகம். ஆனால் முதல் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் அல்லவா தொடங்குகிறது! அதில் வரும் சுத்த ரிஷபத்துக்கு (தாழ்ந்த ரி) இரண்டாம் துளையை அரைகுறையாக மூட வேண்டும். வீணையில் மெட்டு என்ற உலோகப் பட்டை இருக்கிறது, விரலை வைத்தால் போதும். குழலிலோ முதல் மாதமே அந்த ரிஷபம் தள்ளாடும். அதனால்தான் சில ஆசிரியர்கள் ஹரிகாம்போதியிலோ மோகனத்திலோ விரலைப் பழக்கிவிட்டுப் பிறகு மாயாமாளவகௌளைக்கு வருகிறார்கள். மரபை மீறுகிறார்கள் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது.

மேற்கத்திய உலோகக் குழலையும் சிலர் கேட்கிறார்கள். தியோபால்ட் போம் 1847-இல் அமைத்த உருளை வடிவமும் சாவிகளும்தான் இன்றும் அதன் அடிப்படை. பன்னிரண்டு சுரமும் அரைத் துளைத் தொல்லை இல்லாமல் வரும். துளையின் மேல் விரலுக்குப் பதில் மூடி உட்காருவதால் வழுக்கிச் செல்லும் கமகம் கடினம். விலையும் அதிகம். தேவாலய இசைக்குழுவிலோ ஆர்கெஸ்ட்ராவிலோ வாசிக்கும் எண்ணம் இருந்தால் அதுவே சரி.

பிளாஸ்டிக் குழாயில் செய்த குழலை ஏளனம் செய்ய மாட்டேன். வெயிலில் வெடிக்காது, பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம். நாதத்தில் மூங்கிலின் ஈரம் இருக்காது, அவ்வளவுதான். திருவிழாக் கடையில் ஜிகினா சுற்றித் தொங்கும் குழல் பிள்ளைகள் விளையாடுவதற்கு. பெரும்பாலும் சுருதிக்கு நிற்காது.

எதை எடுத்தாலும் முதல் சில வாரம் உதட்டுக்கும் காற்றுக்கும்தான் பாடம். ஊதுதுளையின் எதிர் விளிம்பில் காற்று இரண்டாகப் பிளந்தால்தான் ஒலி. ஓங்கி ஊதினால் தலைதான் சுற்றும். மேல் ஸ்தாயிக்கும் பலத்தை நம்பக் கூடாது. உதட்டைக் குவித்துக் காற்றை மெல்லியதாக்க வேண்டும். காணொளியில் விரலைப் பார்த்துக் கற்கலாம், காற்றின் கோணத்தைப் பார்க்க முடியாது. ஆகவே உங்கள் ஊரில் எந்த மரபின் ஆசிரியர் கிடைக்கிறாரோ அந்த மரபின் குழலை வாங்குங்கள். இருவரும் கிடைத்தால், கீர்த்தனை கேட்டு வளர்ந்த காதுக்கு ஐந்து கட்டைக் குழலைத்தான் சொல்வேன்.

நான் கடைசியில் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு வருடம் கழித்து அலமாரியிலிருந்து பான்சுரியை எடுத்தேன். இந்த முறை விரல்கள் ஒழுங்காக மூடின, காற்று கசியவில்லை. ஆனால் ஸ என்று நினைத்தவுடன் இரண்டு விரல்தான் இறங்கியது. மூன்றாவதை நினைவுபடுத்தித்தான் இறக்க வேண்டியிருந்தது.