தொழுவத்துக்கு ரெடிமேட் சிமெண்ட் வாய்க்கால்: வாங்கலாமா?

பாளையங்கோட்டைப் பக்கம் ஹாலோ பிளாக் பட்டறைகளில் கிடைக்கும் மூன்றடித் துண்டு இது. ஓரடி அகலம், மூன்று அங்குல ஆழம். மாட்டின் குளம்பு சிக்காது. உள்பக்கம் வழவழவென்று இருப்பதால் ஒரு வாளித் தண்ணீரில் சாணி ஓடிவிடும். அந்த வகையில் கொத்தனார் பூசுவதைவிட மேல்.

கோளாறெல்லாம் இணைப்பில்தான். வெறும் சிமெண்ட் பால் ஊற்றி மெழுகினால், கோமியம் அரித்து மணலாக உதிர்ந்துவிடும். ஈரம் அடியில் இறங்கி மண் இளகும், துண்டு ஒரு பக்கமாக அமுங்கும், அங்கேயே தேங்கி ஈ மொய்க்கும். கால் அங்குல இடைவெளி விட்டு, 1:3 கலவையில் (ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல்) வாட்டர்புரூஃப் பவுடர் சேர்த்து அடைத்து, ஒரு வாரம் நனையுங்கள். கரிசல் பூமியென்றால் அடியில் நாலு அங்குலக் கான்கிரீட் இல்லாமல் போடவே கூடாது. வெயிலில் வெடித்து மழையில் ஊதும் மண் அது.

வாய்க்காலுக்கு வாட்டம், அதாவது சரிவு, 10 அடிக்கு 3 அங்குலம். கண்மதிப்பு வேண்டாம், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்து மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். தரைக்கு 5 அடிக்கு 1 அங்குலம் போதும். கூடினால் மாடு வழுக்கும்.

கூடவே தரும் இரும்புச் சல்லடை தண்டம், சீக்கிரம் துருப்பிடிக்கும். பிவிசி சல்லடை போடுங்கள். வாய்க்கால் முடியும் இடத்தில் இரண்டடிச் சதுரத் தொட்டி கட்டி, அடியிலிருந்து 9 அங்குலம் மேலே 4 அங்குலக் குழாய் வைத்தால் கசடு தங்கி, தெளிவு மட்டும் தென்னைக்குப் போகும். வாரம் ஒருமுறை கசடை அள்ளணும். ஐப்பசி மழைக்கு முன் கூரைத் தண்ணீரைத் தனியாகத் திருப்பிவிடுங்கள். இந்த மூன்று அங்குல ஆழ வாய்க்கால் அதைத் தாங்காது.