மரக்காலையில் இரண்டு மெட்டல் டிடெக்டர்கள்: பழையதையும் புதியதையும் பயன்படுத்திய அனுபவம்

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் சிறிய மரக்காலை ஒன்றை நடத்தி வருகிறேன். குடியிருப்புக் காணிகளில் காற்றுக்கு விழுந்தனவும் உரிய அனுமதியோடு தறிக்கப்பட்டனவுமான தேக்கு, வேம்பு, பாலை, முதிரை, பனை ஆகியன எங்களிடம் அரிவுக்கு வருகின்றன. வேறு மாவட்டங்களில் இத்தொழில் செய்வோர் குற்றிக்குள் ஓர் ஆணி இருக்குமோ, பழைய வேலிக்கம்பி இருக்குமோ என்றுதான் பயப்படுவார்கள். எங்களிடம் வரும் குற்றிகளுக்குள் இறுதிப் போர் நடந்த 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்கள் இருக்கின்றன. செல் (எறிகணை) துண்டு, துப்பாக்கி ரவை, முள்ளுக்கம்பி என்று எதுவும் இருக்கலாம். மேலே பட்டை மூடி, மரம் பார்வைக்கு நல்ல மரமாகவே நிற்கும்.

ஒரு தேக்குக் குற்றியை அரியும்போது பட்டை வாளின் பற்கள் வரிசையாகப் பறந்து, வாளும் அறுந்து, நல்லகாலமாக ஒருவருக்கும் காயம் ஏற்படாமல் தப்பிய நாளுக்குப் பிறகுதான் மெட்டல் டிடெக்டர் வாங்குவது பற்றிச் சிந்தித்தேன். முதலில், சோதனைச் சாவடிகளில் உடலைத் தடவப் பயன்படும் கைத்தடி போன்ற கருவியொன்றை இரவல் பெற்றுப் பார்த்தேன். ஓமந்தையில் அதற்கு முன்னால் கைகளை விரித்து நின்ற எங்களுக்கு அது புதிய பொருளன்று. அரிந்த பலகைக்கு அது போதும். ஆனால் முழுக் குற்றியில் பட்டைக்குச் சற்றுக் கீழே இருப்பதை மட்டுமே சொன்னது. ஆகவே, பொழுதுபோக்காகக் கடற்கரைகளில் நாணயம் தேடுவோர் பயன்படுத்தும் வகைக் கருவியே தேவை என்று முடிவு செய்தேன்.

2019 இன் இறுதியில், வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவின் மகன் தான் பயன்படுத்தாமல் வைத்திருந்த கரெட் ஏஸ் 250 என்ற கருவியைத் தந்தான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து நிறுவனமொன்றின் தயாரிப்பு அது. 6.5 கிலோஹேர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் இயங்குகிறது. நான்கு சிறிய பேனா பற்றரிகள் போதும். எடை ஏறத்தாழ 1.2 கிலோ. முந்தைய சொந்தக்காரர் பற்றரிகளைக் கழற்றாமல் வைத்திருந்ததால் அவை கசிந்து, உள்ளிருந்த தகடுகளில் பச்சை பூத்திருந்தது. புளியும் பழைய பல் துலக்கியும் கொண்டு அதைத் துடைத்தெடுத்தேன். பயன்படுத்திய கருவியை வாங்குவோர் முதலில் திறந்து பார்க்க வேண்டியது பற்றரிப் பெட்டியைத்தான். அடுத்ததாக, உலோகத்தை உணரும் கீழ்ப்பகுதியான சுருளிலிருந்து மேலே வரும் கேபிளை, கருவி இயங்கிக்கொண்டிருக்கும்போதே மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். அசைக்கும்போது காரணமில்லாமல் சத்தமிட்டால் கேபிளுக்குள் கம்பி முறிந்திருக்கிறது என்று கொள்ளலாம். வெளித் தோற்றத்தில் கீறல்கள் இருப்பதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை.

புதிய கருவி 2023 இல் வந்தது. துருக்கி நாட்டு நொக்டா மக்ரோ நிறுவனம் 2019 இல் வெளியிட்ட சிம்ப்ளெக்ஸ் பிளஸ் அது. 12 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசை, 28 சென்ரிமீற்றர் அகலச் சுருள், மின்னேற்றக்கூடிய உள்பற்றரி, 3 மீற்றர் ஆழம் வரை நீர் புகாத உடல், 1.3 கிலோ எடை ஆகியன அதன் அடிப்படை விவரங்கள். பழையதைக் கைவிட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் அதை வாங்கினேன். இன்றுவரை பழையது கைவிடப்படவில்லை என்பதே இந்த அனுபவப் பகிர்வை எழுதக் காரணம்.

விலை கூடக்கூட ஒரு மெட்டல் டிடெக்டருக்குக் கிடைக்கும் திறமை பெரும்பாலும் இரண்டு வகைப்பட்டது. இரும்பை ஒதுக்கிவிட்டு வெள்ளி, செம்பு, பொன் ஆகியவற்றை மட்டும் காட்டுவது ஒன்று. மண்ணிலுள்ள இரும்புக் கனிமங்கள் எழுப்பும் பொய்ச் சத்தத்தைச் சமன் செய்வது மற்றொன்று. மரக்காலைக்கு இவை இரண்டும் தேவையில்லை. நான் தேடுவதே இரும்பைத்தான். ஆகவே, இரும்பை ஒதுக்கும் அமைப்பு எவ்வளவு நுட்பமாக இருக்கிறதோ அவ்வளவு கவனமாக அதை நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. மரத்துக்குள்ளோ மண் இல்லை. குற்றியை நிலத்திலிருந்து உயர்த்தி வைத்துவிட்டால் சமன் செய்வதற்கும் எதுவும் இல்லை. பழைய கருவியில் மண்ணைச் சமன் செய்யும் வசதி பயனர் கையில் விடப்படவில்லை, தொழிற்சாலையில் வைத்த அளவே நிலையானது. வயல்வெளியில் நாணயம் தேடுவோருக்கு அது பெரிய குறையாக இருக்கலாம். பனங்குற்றிகளின் மேல் கிடத்தப்பட்ட வேப்பங்குற்றியில் அந்தக் குறை தெரியவே தெரியாது.

உயர்த்தி வைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் லொறியிலிருந்து இறக்கிய இடத்திலேயே குற்றிகளைச் சோதித்தோம். கருவி ஓயாமல் கத்தியது. செம்மண் ஒரு காரணம். முற்றத்து மண்ணிலேயே துண்டுகள் கிடந்தது அதைவிடப் பெரிய காரணம். பிறகு இரும்பு ஆணி இல்லாத இரண்டு பனந்துண்டுகளை இடுப்பளவு உயரத்தில் தாங்கிகளாக்கி, வாள் மேடையின் தண்டவாளத்திலிருந்து போதிய தூரத்தில் வைத்தோம். சோதிப்பவர் கைக்கடிகாரத்தையும் கைத்தொலைபேசியையும் இடுப்புப் பட்டியையும் கழற்றி வைத்துவிட்டே வருவார். சத்தம் வரும் இடங்களில் வெண்கட்டியால் வட்டமிடுவோம். குற்றியைக் காற்பங்கு வீதம் உருட்டி நான்கு பக்கமும் பார்ப்போம். பருத்த குற்றியின் நடுப்பகுதியை எந்தக் கருவியாலும் நம்பிக்கையோடு எட்ட முடியவில்லை. ஆதலால் முதற்பலகையைக் கழித்த பின் ஒருமுறை மீண்டும் சோதிக்கிறோம்.

ஆழம் பற்றி விளம்பரங்களில் சொல்லப்படுவனவற்றை விட மரத்தின் இயல்பு எனக்கு அதிகம் கற்பித்தது. தேக்கு ஆண்டு வளையங்களைத் தெளிவாகக் காட்டும் மரம். 2023 இல் தறித்த தேக்கின் வெட்டுமுகத்தில் பட்டையிலிருந்து உள்நோக்கி ஏறத்தாழப் பதினான்கு வளையங்கள் எண்ணினால் 2009 வந்துவிடும். துண்டு பாய்ந்த காயம் அந்த வளையத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு வெளியே உள்ளதெல்லாம் பின்னர் வளர்ந்து மூடிய மரம். பாலையும் முதிரையும் மெல்ல வளர்வதால் அவற்றில் துண்டு பட்டைக்கு மிக அருகிலேயே இருக்கும். அதே காலத்தில் வேகமாகப் பருத்த தேக்கில் அதிக ஆழத்தில் இருக்கும். பனை வேறு வகை. அதற்குப் பக்கவாட்டு வளர்ச்சி இல்லை, ஆகவே காயத்தை மூடுவதும் இல்லை. துளை இன்றும் துளையாகவே நிற்கும். சிலாகைக்கு வரும் பனையைக் கண்ணால் பார்த்தே பாதிச் சோதனையை முடித்துவிடலாம். இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்தால், எங்களுக்கு வரும் மரங்களில் பெரும்பாலான துண்டுகள் பழைய கருவியும் எட்டக்கூடிய ஆழத்திலேயே இருக்கின்றன. புதியது சற்று ஆழமாகப் பார்க்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் ஆழத்தால் தப்பிய வாள்கள் மிகச் சிலவே.

திரையில் தோன்றும் அடையாளங்களை நம்ப வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய கருவியின் திரை மேல் அமெரிக்க நாணயங்களின் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. தட்டையான பெரிய செல் துண்டொன்று பாலைக் குற்றிக்குள் இருந்தபோது அது அரை டொலர் நாணயத்தைக் காட்டியது. "அண்ணை, மரத்துக்குள்ள டொலர் கிடக்காம்" என்று எங்கள் உதவியாளன் சிரித்தான். அந்நாள்களில் டொலரின் விலை ஏறிக்கொண்டிருந்ததால் சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். தட்டையான, அகன்ற இரும்பு நல்ல உலோகம் போலச் சைகை தருவது இவ்வகைக் கருவிகளின் பொது இயல்பு. புதிய கருவியின் எண் காட்டியும் அதே தவறைச் செய்கிறது. ஆகவே இரண்டிலும் எல்லா உலோகத்தையும் காட்டும் நிலையை மட்டுமே பயன்படுத்துகிறோம். சத்தம் வந்தால் வட்டம் இடுவோம், திரையைப் பார்ப்பதில்லை.

இவ்வளவும் பழையதற்குச் சாதகமாக இருக்க, புதியது எங்கே தன் விலையை நியாயப்படுத்துகிறது? மூன்று இடங்களில் என்பேன். முதலாவது, மின் இரைச்சல். வாளின் மோட்டாரும் பல் தீட்டும் இயந்திரமும் ஓடிக்கொண்டிருக்கும்போது பழைய கருவி அடிக்கடி உளறும். அதன் அலைவரிசையை மாற்ற வழியில்லை. புதியதில் அலைவரிசையைச் சற்று நகர்த்தலாம். நகர்த்தியதும் பெரும்பாலும் அமைதியாகிவிடுகிறது. முன்பு சோதனைக்காக வாளை நிறுத்த வேண்டியிருந்தது. இப்போது ஒரு குற்றி அரிபடும்போதே அடுத்த குற்றியைச் சோதிக்க முடிகிறது. இரண்டாவது, அதிர்வு. வாளின் இரைச்சலில் காதால் கேட்பது கடினம். பழையதில் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது, ஹெட்போன் மாட்டினால் பின்னால் யாராவது எச்சரித்துக் கத்தினாலும் கேட்காது. புதியதன் கைப்பிடி அதிர்வது இந்தத் தொழிலுக்கு மிகப் பொருத்தமானது. மூன்றாவது, சுருங்கும் தண்டு. 63 சென்ரிமீற்றர் வரை சுருக்கலாம் என்பதைப் பயணப்பையில் வைத்துச் செல்லும் வசதியாகத்தான் கருதியிருந்தேன். இடுப்பளவில் கிடக்கும் குற்றியைச் சோதிப்பவருக்கு முதுகு வலிக்காமல் காப்பது அந்தச் சுருக்கம்தான்.

நீர் புகாத உடலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மார்கழி மழையில் பயம் குறைவு, அவ்வளவே. மின்னேற்றும் பற்றரி நன்மை போலத் தோன்றினாலும், பேனா பற்றரி ஒட்டுசுட்டானில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பதை மறக்கக் கூடாது.

புதியதன் அகன்ற சுருள் எங்களுக்குத் தொல்லையாகவே இருந்தது. வளைந்த குற்றியின் மேல் அது முழுமையாகப் படிவதில்லை. சைகையின் இடமும் சுருளின் நடுக்கோடு முழுவதிலும் பரவி நிற்கிறது. பழையதன் சிறிய முட்டைவடிவச் சுருளில் சத்தம் நடுப்பகுதியில் கூர்மையாக எழுவதால் உளி வைக்கவேண்டிய இடம் சரியாகத் தெரிகிறது. இடத்தை நிறுத்திக் காட்டும் பொத்தானை அழுத்தாமல் சுருளை அசையாது பிடித்தால் மட்டும் பழையது மௌனமாகிவிடும். அது அசைவில்தான் பேசும் கருவி. இதை அறியாத புதிய வேலையாள் ஒருவர் சுருளைக் குற்றியில் ஊன்றி வைத்துவிட்டு "ஒண்டுமில்லை" என்று அனுப்பிய குற்றியால் ஒரு வாளை இழந்தோம். தவறு என்னுடையது, நான் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

சைகை உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தால் எவரும் உளியைத் தொடுவதில்லை என்பது எங்கள் கட்டாய விதி. மரத்தில் புதைந்திருப்பது வெறும் துண்டாக இல்லாமல் வெடிக்காத பொருளாகவும் இருக்கலாம். அத்தகைய குற்றியை அப்படியே விட்டு, ஆட்களை விலக்கி, 119 இற்கு அழைத்துப் பொலிசாருக்கு அறிவிப்பதே முறை.

இரவல் கேட்டு வருவோரும் உண்டு. 2009 இல் இடம்பெயர்ந்தபோது தையல் இயந்திரத்தையும் பாத்திரங்களையும் சிறு நகைகளையும் காணியில் புதைத்துவிட்டுப் போன குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு இல்லை என்று சொல்வது மனதுக்குக் கடினமாக இருக்கிறது, ஆயினும் கொடுப்பதில்லை. இந்தக் கருவி தகரத்தையும் வெடிபொருளையும் ஒரே குரலில்தான் சொல்லும்; மிகக் குறைந்த உலோகம் கொண்ட மிதிவெடியைச் சொல்லாமலே விட்டுவிடவும் கூடும். முகமாலையில் கண்ணிவெடி அகற்றுவோர் கையில் இருப்பது வேறு வகைக் கருவி, அவர்கள் பெற்றிருப்பது வேறு பயிற்சி. தொல்பொருள் நாடி அனுமதியின்றி நிலத்தைத் தோண்டுவதும் இந்நாட்டில் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். மரக்காலைக்காக இவற்றை வைத்திருப்பதை நான் கிராம சேவையாளருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் எழுத்தில் அறிவித்திருக்கிறேன். வாங்க எண்ணுபவர் எவரும் இறக்குமதிக்கும் வைத்திருப்பதற்கும் என்ன அனுமதி தேவை என்பதைப் பணம் கொடுக்குமுன் கேட்டறிய வேண்டும்.

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு என் கருத்து இதுதான்: வாள் ஓடாத நேரத்தில் சோதிக்க முடியுமானால், கேபிளும் பற்றரிப் பெட்டியும் நன்றாயுள்ள பழைய கருவியை வாங்கி, மிச்சப் பணத்தில் உதிரி வாள் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். வாள் நாள் முழுவதும் ஓடும் இடமானால் புதியதே நல்லது. நான் இப்போது புதியதால் குற்றி முழுவதையும் தடவி, வெண்கட்டி வட்டத்துக்குள் பழையதால் இடத்தைக் குறுக்குகிறேன். மூன்றாவது கருவி வாங்கச் சொன்ன நண்பரின் பேச்சைக் கேட்காமல், பழையதற்கே பொருந்தும் 4.5 அங்குல வட்டச் சுருள் ஒன்றைச் சென்ற ஆண்டு எடுப்பித்தேன். அது வந்த பின் உளியால் தோண்டும் குழி தேங்காய்ச் சிரட்டை அளவிலிருந்து தீப்பெட்டி அளவுக்குக் குறைந்திருக்கிறது. முதிரைப் பலகை கேட்டு வருபவர் இப்போது விலையைக் குறைக்கச் சொல்லி அந்தக் குழியைக் காட்டுவதில்லை.