ஐபிஎக்ஸ்-2 ரிவ்யூ: அணுகுண்ட செக் பண்ண பழைய ஆப்பிள் கம்ப்யூட்டர்

முதல்லயே சொல்லிடறேன், இந்த மெஷின நான் தொட்டதில்ல, அதப் பத்தி படிச்சதோட சரி. உள்ள மூளையா இருக்கற 6502ங்கற சிப்போட மட்டும் எனக்கு நேரடிப் பழக்கம், பழைய போர்டு நோண்டறது நமக்கு பொழுதுபோக்கு.

பிரச்சன என்னன்னா, ஒரு நாடு ஒரு டப்பாவ கொண்டாந்து வெச்சு "உள்ள குண்டு இருக்கு, உடைக்கப் போறோம்"னா எப்படி நம்பறது? காமா கதிர அளந்தா தெரிஞ்சுடும்தான், ஆனா அந்த ஸ்பெக்ட்ரம்லயே, அதாவது எந்த ஆற்றல்ல எவ்ளோ கதிர் வருதுங்கற வரைபடத்துலயே, டிசைன் ரகசியமும் வெளிய வந்துடும். அதனாலதான் அமெரிக்காவும் ரஷ்யாவும் அணு ஆயுதத்த கட்டுப்படுத்த போட்ட நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்துல கூட "இது குண்டு இல்ல"ன்னு சொன்ன பொருள மட்டும் நியூட்ரான் டிடெக்டர் வெச்சு பாத்தாங்க, குண்ட அளக்கவே இல்ல. அளக்கணும்னா மெஷினே உள்ளுக்குள்ள ஒரு மாதிரி குண்டோட அளவோட ஒப்பிட்டுப் பாத்துட்டு பாஸா ஃபெயிலான்னு மட்டும் சொல்லணும். சரி, அந்த மெஷின யாரு செய்யறது? குண்டுக்காரன் செஞ்சா எப்பவும் பாஸ்னே காட்ட வெச்சிருப்பான், இன்ஸ்பெக்டர் செஞ்சா நைசா டேட்டாவ சுருட்டிடுவான்.

இங்கதான் அமெரிக்காவுல பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டில இருந்த மோரிட்ஸ் க்யூட்டும் அலெக்சாண்டர் கிளேசரும் ஒரு குறும்பு பண்ணாங்க. 1975ல வந்த 6502, அது ஓடற ஆப்பிள் IIஇ, கூட காமா கதிர அளக்க ஒரு சோடியம் அயோடைடு டிடெக்டர், இதான் ஐபிஎக்ஸ்-2. அந்த சிப்ப டிசைன் பண்ணப்போ இது ஒருநாள் குண்டு அளக்கப் போகும்னு எவனுக்குத் தெரியும், அப்புறம் எப்படி உள்ள திருட்டு வேலை பண்ணி வெச்சிருப்பான்? மொத்தமே சுமார் 3,500 டிரான்சிஸ்டர், மைக்ரோஸ்கோப்புல வெச்சு ஒண்ணொண்ணா பாத்துடலாம். இன்னிக்கு சிப்புல கோடிக்கணக்குல இருக்கு, எவன் எண்ணுவான். இந்த யோசனைக்கு ஒரு சல்யூட்.

ஆனா எனக்கு ஒரு உறுத்தல். போன வருஷம் ஆன்லைன்ல ஒரு 6502 வாங்கினேன், பழைய ஸ்டாக்குன்னு எழுதியிருந்தான், மேல 80கள் தேதி பளபளன்னு இருந்துச்சு, அதுவே எனக்கு இடிச்சுது. பஞ்சுல அசிட்டோன் தொட்டு தேச்சேன் பாருங்க, எழுத்து பூரா கறுப்பா பஞ்சுல வந்துடுச்சு, அடியில வேற நம்பர். விக்கறவன்கிட்ட கேட்டா பதிலே இல்ல. அப்போ "பழசு"ங்கறது யாரு சொல்லி நம்பறது? பொழுதுபோக்கு சிப்புலயே இவ்ளோ தில்லுமுல்லுன்னா, ஒரு நாட்டு உளவுத்துறை நெனச்சா என்னதான் பண்ணாது. இதுக்கு வழி இல்லாம இல்ல, நாலஞ்சு செட் வெச்சு அதுல எதுன்னு இன்ஸ்பெக்டர் சீட்டுக் குலுக்கி எடுக்கணும், ஒண்ண அளக்கறதுக்கு, இன்னொண்ண வீட்டுக்குக் கொண்டுபோய் பிச்சுப் பாக்கறதுக்கு. அளந்தத மட்டும் தரமாட்டாங்க, ரகசியம் உள்ள இருக்குல்ல.

5க்கு 3.5 குடுக்கறேன். ஒரு மார்க் அந்த உறுத்தலுக்காக, அரை மார்க் பவர் சப்ளைக்காக கொறச்சேன், அந்தக் காலத்து கெபாசிட்டர் திடீர்னு வெடிச்சு ரூம் பூரா புகையாகும், குண்டு பக்கத்துல அது நடந்தா முதல்ல எவன் ஓடுவான்னு தெரியல.