உடல்நலத் தேடலை அளக்க வினாக்கொத்தா, கூகிள் ட்ரெண்ட்ஸா?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எங்கள் சனங்கள் வருத்தம், மருந்து பற்றி இணையத்தில் எவ்வளவு அடிக்கடி தேடுகிறார்கள் என்று ஒரு சிறு ஆய்வுக்காக அளக்க வேண்டியிருந்தது. வீடு வீடாகப் போய் வினாக்கொத்து நிரப்பலாம், அல்லது எந்தச் சொல் எங்கே, எப்போது அதிகம் தேடப்படுகிறது என்று காட்டும் கூகிள் ட்ரெண்ட்ஸைப் பார்க்கலாம். நாங்கள் வினாக்கொத்தைத்தான் எடுத்தோம்.

செலவிலும் வேகத்திலும் ட்ரெண்ட்ஸ்தான் மேல், அதில் பேச்சே இல்லை. 2004 முதலான தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது தருவது எண்ணிக்கை அல்ல, உச்சத்தை 100 ஆக வைத்துக் கணித்த ஒப்பீட்டு அளவு. கிழக்கு மாகாணத்தைத் தெரிவுசெய்து, அவ்வளவாகத் தேடப்படாத சொல்லைப் போட்டால் 0 என்று காட்டும். ஒருவரும் தேடவில்லை என்று அதற்குப் பொருளல்ல. டெங்குவைத் தமிழில் அடிப்பவர், சிங்களத்தில் அடிப்பவர், ஆங்கில எழுத்தில் அடிப்பவர் எல்லாரையும் நாமே கூட்டிப் பிடிக்கவும் வேண்டும். வட்ஸ்அப் குறூப்பில் கேட்பவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

சரி, இதையெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது ஒன்றுதான்: யார், யாருக்காகத் தேடுகிறார்? காத்தான்குடியில் உம்மாவின் சீனி ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு போனில் தேடுவது மகள். உம்மாவிடம் கேட்டால் "எனக்கு அதெல்லாம் தெரியா மகள்" என்பார். ஆனால் தேடிக் கிடைத்ததைக் கேட்டுச் சாப்பாட்டை மாற்றியவர் அவர்தான். கட்டாரில் இருக்கும் மகன் தேடிப் பார்த்து வொய்ஸ் அனுப்பினால், ட்ரெண்ட்ஸில் அந்தத் தேடல் கட்டார் கணக்கில் போய்ச் சேரும். இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2012இல் கேட்டபோது, இணையத்தில் உடல்நலத் தகவல் தேடியவர்களில் கடைசித் தேடல் தமக்காக என்றவர்கள் 39 சதவீதம், இன்னொருவருக்காக என்றவர்களும் 39 சதவீதம். அதனால் வினாக்கொத்தில் இரண்டு கேள்வி வைத்தோம்: "நீங்களே தேடினீங்களா?", "உங்களுக்காக வேற ஆரும் தேடித் தந்தாங்களா?" இரண்டாவது இல்லாவிட்டால் வயதானவர்கள் எல்லாரும் 'தேடாதவர்கள்' பட்டியலில் விழுந்துவிடுவார்கள்.

வினாக்கொத்திலும் ஓட்டை உண்டு. பியூ கேட்டது கடந்த 12 மாதத்தை, ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் கேட்பது கடந்த 3 மாதத்தை. இந்த இரண்டின் சதவீதங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. நாங்கள் 3 மாதம் எடுத்தோம், ஒரு வருடத்துக் கதை யாருக்கு நினைவிருக்கும்? ஆனால் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், ஜனவரியில் போய்க் கேட்டால் டெங்கு கூடும் காலம் அந்த 3 மாதத்துக்குள் வந்துவிடும், எண்ணிக்கை ஏறித்தான் நிற்கும். வேறு மாதத்தில் கேட்டால் எவ்வளவு இறங்கும் என்று எங்கள் தரவை வைத்துச் சொல்ல முடியாது.

தேடல் எப்போது ஏறி இறங்குகிறது என்று பார்க்க ட்ரெண்ட்ஸைத் துணைக்கு வைத்திருக்கிறோம், அதற்கு மேல் நம்பவில்லை. தேடல்களை வைத்து ஃப்ளூ காய்ச்சல் பரவலைச் சொன்ன, 2008இல் வந்த கூகிளின் கணிப்பே 2012-13 குளிர்காலத்தில் மிகையாகக் காட்டி, 2015இல் நிறுத்தப்பட்டது.

சம்மதம் வாங்கிப் போனின் தேடல் பதிவையே எடுக்கும் மூன்றாவது வழியும் உண்டு. அதை நாங்கள் செய்து பார்க்கவில்லை. வீடே ஒரு போனைப் பாவிக்கும்போது யாருடைய சம்மதம் வாங்குவது என்ற இடத்திலேயே நின்றுவிட்டோம்.