விட்டுப்போன நாளை எந்த ஆப் எப்படி நடத்துகிறது? டிக்டிக், டுடூயிஸ்ட், மைக்ரோசாஃப்ட் டூ டூ, லூப்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டில் மயினி (அண்ணி) அப்பளம் போட்டு விற்கிறார். யாருக்கு எத்தனை கட்டு, உளுந்து எப்போது வாங்க வேண்டும், எந்தக் கடையில் பாக்கி நிற்கிறது என்ற கணக்கெல்லாம் என் போனில்தான். நான் காலை ரயிலைப் பிடித்து திருநெல்வேலிக்கு வேலைக்குப் போய் இருட்டும்போது திரும்புகிறவள். இதற்கு நடுவே எனக்கென்று மூன்று பழக்கங்கள்: ஆற்றங்கரையில் நடை, இரவில் பத்துப் பக்கம் வாசிப்பு, அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுப்பது.

உளுந்து வாங்குவது ஒரு வேலை. வாங்கினால் முடிந்தது. நடப்பது அப்படியில்லை, அது முடிவதே கிடையாது. இரண்டையும் ஒரே ஆப்பில் வைக்கலாமா, ஒரு நாள் விட்டுப்போனால் ஆப் அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பவைதான் என் கேள்விகள்.

வைக்கலாம் என்கிறவர்களுக்கு டிக்டிக் நல்ல ஆப். வேலைப் பட்டியல், பழக்கங்கள், வேலைக்கும் ஓய்வுக்கும் மாறி மாறி நேரம் பிரித்துக் காட்டும் பொமோடோரோ கடிகாரம் எல்லாம் ஒரே இடத்தில். இலவசக் கணக்கில் 5 பழக்கம் வரை வைக்கலாம், எனக்கு அது தாராளம். பழக்கங்களை இன்றைய வேலைகளோடு சேர்த்தே காட்டச் சொல்லவும் முடியும். பலருக்குப் பிடிப்பது இதுதான், எனக்கு ஒத்துவராததும் இதுதான். ஆர்டர் குவிகிற நாளில் ஏழெட்டு வேலைக்குக் கீழே 'நடை' என்று ஒரு வரி கிடந்தால், அதுவும் யாருக்கோ கொடுக்க வேண்டிய பாக்கி மாதிரியே தெரிகிறது.

டுடூயிஸ்டின் பலம் தேதியைப் புரிந்துகொள்வது. வேலையோடு சேர்த்து நாளையும் நேரத்தையும் ஆங்கிலத்தில் தட்டினால் போதும், தானே பிரித்துக்கொள்ளும். தமிழில் 'நாளை காலை 7 மணி' என்று எழுதினால் புரியாது. தமிழிலேயே பட்டியல் எழுதுகிற எனக்கு இது பெரிய குறை. ஆனால் அதில் உள்ள ஒரு வசதியை மற்ற ஆப்களும் கற்றுக்கொள்ள வேண்டும். 'எவ்ரி 20 டேஸ்' என்று போட்டால், நாம் தாமதித்தாலும் கணக்கு பழைய தேதியிலிருந்தே ஓடும். 'எவ்ரி'யை ஒட்டி ஓர் ஆச்சரியக்குறி போட்டால், நாம் முடித்த நாளிலிருந்து இருபது எண்ணும். தண்ணீர்த் தொட்டி கழுவுவது போன்ற வேலைக்கு இரண்டாவதுதான் சரி.

மைக்ரோசாஃப்ட் டூ டூவில் 'மை டே' என்று ஒரு பக்கம் உண்டு. ஒவ்வொரு நாளும் அது வெறும் பக்கமாகத்தான் தொடங்கும். நேற்று முடியாதவை அவற்றின் பட்டியலில் பத்திரமாக இருக்கும். எது இன்றைக்கு என்று நாமே எடுத்து வைக்க வேண்டும். கேட்டால் ஆப்பும் சில வேலைகளை எடுத்துச் சொல்லும். ரயிலில் சேரன்மகாதேவி வருவதற்குள் ஐந்து வேலையைப் பொறுக்கி வைத்துவிடுவேன். பட்டியலைப் பகிரவும் முடியும். மயினிக்கு ஒரு கணக்குத் திறந்து, அப்பளப் பட்டியலின் லிங்க்கை அனுப்பினேன். "ஏளா, நான் இங்க எழுதினா அங்க ஆபீஸ்ல உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும் மயினி" என்றேன். அன்றைக்கே 'உளுந்து 10 கிலோ' என்று வந்து விழுந்தது. ஆனால் பழக்கத்துக்கு இது ஆகாது. தினமும் திரும்பி வருகிற வேலையாக நடையைப் போட்டால், விட்ட நாளின் தேதி சிவப்பில் வந்து நிற்கும்.

அந்தச் சிவப்பு எனக்கு ஏன் ஆகாது என்பதைச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழை நம் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. தாமிரபரணி கரைமீறி ஓடியது. அப்போது நான் வேறொரு பழக்க ஆப் வைத்திருந்தேன். அதில் 61 நாள் தொடர்ந்து நடந்த கணக்கு இருந்தது. வெள்ளத்தில் எட்டு நாள் நடக்கவில்லை. அப்புறம் ஆப்பைத் திறந்தால் பெரிய எழுத்தில் பூஜ்யம். ஊரே சேறு அள்ளிக்கொண்டிருந்த வாரம் அது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது என்றுதான் தோன்றியது. பொங்கல் கழிந்துதான் மறுபடி நடந்தேன்.

லூப் ஹேபிட் டிராக்கர் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. தொடர்ச்சியையும் காட்டும், அதோடு ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு மதிப்பெண் வைத்திருக்கும். தினசரிப் பழக்கம் ஒன்றை ஒரு மாதம் விடாமல் செய்தால் 80 சதவீதம், இரண்டு மாதத்தில் 96, மூன்றில் 99. ஒரு நாள் விட்டால் ஐந்து சதவீதம் போல இறங்கும், அவ்வளவுதான். என்னுடைய 61 நாளையும் விட்ட எட்டு நாளையும் அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 63 சதவீதம் மிச்சம் இருக்கிறது. அன்றைக்கு இந்த எண்ணைப் பார்த்திருந்தால் மறுநாளே செருப்பை மாட்டியிருப்பேன். பழக்கம் பற்றிய ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டது பெரிதாகப் பாதிக்கவில்லை.

லூப்பில் விளம்பரம் இல்லை, காசு இல்லை, கணக்குத் திறக்க வேண்டாம். ஆண்ட்ராய்டில்தான் வரும். விவரமெல்லாம் போனுக்குள்ளேயே இருப்பதால், அவ்வப்போது நாமே ஒரு நகல் எடுத்து வைக்காவிட்டால் போனோடு அதுவும் போகும். டிக் போட விரலை அழுத்திப் பிடிக்க வேண்டும். அமைப்பில் போய் ஒரே தட்டலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆக, இப்போது என் போனில் இரண்டு ஆப்: வேலைக்கு டூ டூ, பழக்கத்துக்கு லூப். திறக்க இரண்டு இடம் என்பது சிரமம்தான். லூப்பின் விட்ஜெட்டை முகப்பிலேயே வைத்ததில் அது பாதி குறைந்தது.

நினைவூட்டல் பற்றி ஒன்று. என் போனில் இருக்கிற பேட்டரி சேமிப்பு, பின்னால் ஓடும் ஆப்களை நிறுத்திவிடுகிறது. இரண்டு முறை இரவு எட்டு மணி அறிவிப்பு வரவே இல்லை, அம்மாவுக்கு மாத்திரை தாமதமானது. ஆப்பின் பேட்டரி அமைப்பில் கட்டுப்பாட்டை எடுத்துவிட்ட பிறகு வருகிறது. இருந்தாலும் மாத்திரையை மட்டும் போனின் கடிகார அலாரத்துக்கே மாற்றிவிட்டேன். அது அடித்தால் அம்மாவே எழுந்து தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொள்கிறார்.