சிஓஎஃப்-5, டிபிபிஏ-1: தண்ணீர் வேலைக்கு எது?

சாயத் தண்ணீரை வடிக்க ஒரு சிஓஎஃப் தேவைப்பட்டது. கார்பன், நைட்ரஜன், போரான் போன்ற லேசான அணுக்களைச் சகப்பிணைப்பால் கோத்துச் செய்யும், ஒரே சீரான நுண்துளைகள் கொண்ட படிகச் சட்டகம் அது. சிஓஎஃப்-5, டிபிபிஏ-1 இரண்டையும் செய்து பார்த்துவிட்டு டிபிபிஏ-1ஐ எடுத்துக்கொண்டேன்.

துளைகளின் உட்புறத்தையும் சேர்த்த பரப்பளவில் சிஓஎஃப்-5தான் முன்னால். 2005இல் வேதியியலாளர் ஓமர் யாகியின் குழு வெளியிட்ட முதல் இரண்டு சிஓஎஃப்களில் ஒன்று. கிராமுக்கு 1590 சதுர மீட்டர்; டிபிபிஏ-1க்கு 535தான். செய்முறை ஏறக்குறைய ஒன்றே: மூடிய கண்ணாடிக் குழாய், மெசிட்டிலீன், டையாக்சேன் என்ற கரைப்பான்கள், மூன்று நாள் சூடு.

தண்ணீர் பட்டால்தான் சங்கதி மாறுகிறது. சிஓஎஃப்-5இன் போரான்-ஆக்சிஜன் பிணைப்பு தண்ணீர் வெளியேறி உருவாவது; தண்ணீர் திரும்பி வந்தால் வந்த வழியே அவிழ்ந்துவிடும். மழை நாட்களில் மூடி சரியாக இறுகாத குப்பியில் வைத்திருந்தேன். அடுத்த வாரம் எக்ஸ்ஆர்டி (படிக ஒழுங்கைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) எடுத்தால், 3.4 டிகிரியில் ஊசிபோல் நின்ற உச்சி மேடாகச் சரிந்திருந்தது. காற்றின் ஈரத்துக்கே இந்தக் கதி.

டிபிபிஏ-1 புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் ராகுல் பானர்ஜியின் குழு 2012இல் வெளியிட்டது. இதில் பிணைப்பு இரண்டு படியாக அமைகிறது. முதலில் இமைன் என்ற கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு, அது பிரிந்து சேரக்கூடியது என்பதால் தப்பாகச் சேர்ந்தவை தாமே திருந்திப் படிகமாகின்றன. அப்புறம் ஹைட்ராக்சிலில் இருக்கும் ஹைட்ரஜன் நைட்ரஜனுக்குத் தாவி, கீட்டோ வடிவமாக (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) நிலைத்துவிடுகிறது. இந்த இரண்டாம் படியிலிருந்து பின்னால் திரும்ப வழி இல்லை. கொதிநீரிலும் 9 நார்மல் அடர்த்தியுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் ஏழு நாள் ஊறியும் படிகம் குலையவில்லை என்று காட்டியிருக்கிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் அமிலத்தில் கழுவி, காயவைத்து, அதே சிவப்புப் பவுடரைத் திரும்பப் போடுகிறேன். 4.7 டிகிரி உச்சி அப்படியே இருக்கிறது. பரப்பளவில் விட்டதை இந்த ஒன்றிலேயே பிடித்துவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. இதற்கு வேண்டிய மூலப்பொருளான ட்ரை-ஆல்டிஹைடை ஃப்ளோரோகுளூசினால் என்ற சேர்மத்திலிருந்து செய்தால் பாதிகூடக் கைக்கு வராது. சூடாக்குமுன் குழாயைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துக் காற்றை இழுப்பதை மூன்று முறையும் பொறுமையாகச் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் நிறம் வரும், படிகம் வராது. கல்வத்தில் அரைத்தும் செய்யலாம்: மஞ்சள், ஆரஞ்சு, முக்கால் மணியில் அடர்சிவப்பு. பார்க்க அழகு, ஆனால் பரப்பளவு மிகவும் குறைந்துவிடும்.

கடுங்காரத்தில் வேலை என்றால் இதன் தம்பி டிபிபிஏ-2தான் சரி. எல்இசட்யூ-1 என்ற இன்னொரு சிஓஎஃப் போன்ற, இமைனோடு நின்றுவிடும் வகையை இரண்டு தடவைதான் செய்திருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஈரமே படாத வாயு வேலையாக இருந்தால் நானும் சிஓஎஃப்-5ஐத்தான் எடுத்திருப்பேன்.