வீடா, குருத்வாராவா, தாபாவா? நிதி திரட்டும் நெடும் சைக்கிள் பயணத்தில் எங்கே தங்கலாம்

ஸ்ரீநகரில் கிளம்பி கன்னியாகுமரியில் முடிகிற என்.எச். 44 சாலை ஏறக்குறைய 3,700 கிலோமீட்டர். நாளுக்கு 120 கி.மீ. மிதித்தாலும் ஒரு மாதம் பிடிக்கும். ஒரு இரவுக்கு லாட்ஜ் வாடகை ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலே முப்பதாயிரம் ஆகிவிடுகிறது. ஒரு கிராமத்துப் பள்ளிக்காகவோ சிகிச்சைச் செலவுக்காகவோ நிதி திரட்டிக்கொண்டு போகிறவருக்கு அந்தத் தொகை உறுத்தத்தான் செய்யும். முன்பின் தெரியாதவர்களின் தயவில் தங்கலாமே என்ற யோசனை அங்கேதான் பிறக்கிறது. ஆனால் மிச்சமாகும் பணத்தை மட்டும் வைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு உங்கள் கால்கள் எப்படி இருக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

முதலில் வார்ம்ஷவர்ஸ். நெடுந்தூர சைக்கிள்காரர்களுக்கென்றே உள்ள வலையமைப்பு இது. இன்று உங்களுக்கு இடம் கொடுப்பவர் நாளை இன்னொருவர் வீட்டில் தங்குவார். முன்பு இலவசமாக இருந்தது, 2020க்குப் பிறகு புதிதாகச் சேருகிறவர்கள் கட்டணம் கட்ட வேண்டும். இதன் பெரிய பலம், வீட்டுக்காரரும் சைக்கிள்காரர் என்பது. சைக்கிளை ஏன் வீட்டுக்குள் வைக்க வேண்டும், ஈர ஜெர்சியை எங்கே காயப்போடுவது, ஏன் இரண்டு தட்டுச் சோறு என்று எதையும் விளக்க வேண்டியதில்லை. செயின் அழுக்கு துடைக்கப் பழைய துணியை அவரே எடுத்து வைத்திருப்பார். குறை என்னவென்றால், டெல்லி, ஹைதராபாத், பெங்களூரு போன்ற ஊர்களில் ஆள் கிடைக்கும். ஜான்சியைத் தாண்டி லலித்பூர், சாகர் பக்கம் போனால் தேடிப் பிடிப்பது கஷ்டம். உங்களுக்கு இடம் மிகவும் தேவைப்படுவது அங்கேதான்.

பயணிகளுக்கு வீட்டில் இடம் தருகிறவர்களைத் தேடித்தரும் கவுச்சர்ஃபிங் தளமும் 2020லிருந்து கட்டணத்துக்கு மாறிவிட்டது. அதில் இருப்பவர்கள் பொதுவான பயணிகள், ஊர் சுற்றிக்காட்ட ஆசைப்படுவார்கள். 120 கி.மீ. மிதித்துவிட்டு வருகிறவருக்கு ஊர் சுற்றும் தெம்பு இருக்காது. ஓய்வு நாளுக்கு நல்லது, மற்ற நாளுக்கு வேண்டாம். காசே வேண்டாம் என்றால் அதே மாதிரித் தளங்களான பீவெல்கம், டிரஸ்ட்ரூட்ஸ் இரண்டும் இலவசம்.

இதற்கெல்லாம் மேலாக நான் வைப்பது, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்ற சங்கிலியைத்தான். பெரும்பாலான நகரங்களில் சைக்கிள் குழு இருக்கிறது. பி.ஆர்.எம். என்ற, நேர வரம்புக்குள் 200, 300, 600 கி.மீ. முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணங்களை ஓட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் ஒருவரையொருவர் அறிவார்கள். உங்கள் ஊர் குழுவின் வாட்ஸ்அப்பில் நாள்வாரியாக வழித்தடத்தைப் போட்டுவிட்டால், சேலத்துக்காரர் கர்னூலில் இருக்கும் மச்சானிடம் சொல்லி வைப்பார். நிதிப் பயணத்துக்கு இதில் இன்னொரு பலனும் உண்டு. நீங்கள் எதற்காக மிதிக்கிறீர்கள் என்ற சேதி உங்களுக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அக்கம்பக்கத்தாரும் கேட்க வருவார்கள்.

சிக்கலும் அங்கேதான். வீட்டம்மா சப்பாத்தி போட்டுக்கொண்டே இருப்பார், ஐயா மூன்றாவது முறையாக வழியைக் கேட்பார், பிள்ளைகள் ஹெல்மெட்டைப் போட்டுப் பார்க்கும், உங்களுக்கோ ஒன்பது மணிக்கே கண் சொருகும். அந்த அன்பை மறுக்கவும் மனம் வராது. நான் சொல்லும் வழி ஒன்றுதான்: போனில் பேசும்போதே, 'அண்ணா, ஒன்பது மணிக்குப் படுத்துடுவேன், காலைல அஞ்சுக்குக் கிளம்பிடுவேன்' என்று சொல்லிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் முகம் வாடும். இரண்டு வீட்டு இரவுகளுக்கு நடுவே ஒரு லாட்ஜ் இரவையும் கூச்சப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்துக்கும் வயிற்றுக்கும் சீக்கியர்களின் கோயிலான குருத்வாராவுக்கு இணை இல்லை. பஞ்சாபில் சிர்ஹிந்த் அருகே ஃபதேகர் சாஹிப், குவாலியர் கோட்டையில் சீக்கியர்களின் ஆறாவது குருவான ஹர்கோபிந்த் சிறையிலிருந்து விடுபட்ட நினைவாக நிற்கும் தாதா பந்தி சோட் என்று இந்தச் சாலையை ஒட்டியே பெரிய குருத்வாராக்கள் இருக்கின்றன. லங்கர் என்ற இலவசப் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் பருப்பும் ரொட்டியும் போதும் போதும் என்கிற வரை கிடைக்கும். யாத்ரிகர்களுக்கான அறை இலவசமாகவோ சொற்பக் காணிக்கைக்கோ கிடைக்கும், ஆதார் கேட்பார்கள். தலையை மூட ஒரு கைக்குட்டை போதும்; புகையிலை, மது கூடவே கூடாது. சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் பாத்திரம் தேய்த்துவிட்டு வாருங்கள், பணம் கொடுப்பதைவிட அது மரியாதை. குடும்பங்கள் நிறைய வந்து தங்குவதால், தனியாக மிதிக்கும் பெண்களுக்கு வடக்கே என் முதல் சிபாரிசு இதுதான். நாக்பூருக்குத் தெற்கே வந்துவிட்டால் குருத்வாராக்கள் குறைவு. ஹைதராபாத், பெங்களூரு அல்சூர் என்று பெரிய ஊர்களில்தான் பார்க்கலாம்.

நெடுஞ்சாலையோரச் சாப்பாட்டுக் கடையான தாபா அவசரத்துக்கு. ராத்திரிச் சாப்பாடு அங்கேயே சாப்பிட்டால் லாரி டிரைவர்களுக்குப் போட்டிருக்கும் கயிற்றுக் கட்டிலில் ஒன்றைத் தருவார்கள். சைக்கிளைக் கட்டில் காலோடு சேர்த்துப் பூட்டிக்கொள்ளலாம். விடிய விடிய ஹாரன், கொசு, வெளிச்சம். பெட்ரோல் பங்கில் விளக்கு, கேமரா, கழிப்பறை மூன்றும் உண்டு. மேனேஜரிடம் கேட்டுவிட்டு ஓரமாகக் கூடாரம் போடலாம், ஸ்டவ் மட்டும் பற்றவைக்கவே கூடாது. சியோனியிலிருந்து நாக்பூர் வரை சுமார் 125 கி.மீ., நடுவே பெஞ்ச் புலிகள் காப்பகம். அந்தத் துண்டில் மட்டும் வீடு, தாபா என்று கணக்குப் பார்க்காமல் முந்தைய இரவு சியோனியிலேயே அறை எடுத்து, முழு வெளிச்சத்தில் காட்டைத் தாண்டுங்கள்.

தங்க இடம் கொடுத்தவரிடம் நிதி கேட்கலாமா? கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உப்பிட்டவர் அவர், அவர் பங்கு முடிந்தது. அவராகவே கொடுக்க வந்தாலும் நோட்டாகக் கையில் வாங்காதீர்கள். அறக்கட்டளையின் கணக்கு எண்ணைக் கொடுத்து நேராக அனுப்பச் சொல்லுங்கள். நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி பதிவு உள்ள அமைப்பென்றால் ரசீது போகும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த வரிச் சலுகையும் கிடையாது. லாட்ஜ், சாப்பாடு, டியூப் செலவெல்லாம் உங்கள் கைக்காசு என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் வெளியிடுங்கள். பயணம் முடிந்ததும், எவ்வளவு சேர்ந்தது, எதற்குப் போனது என்ற கணக்கைத் தங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள், ஒரு ரூபாய் தராதவர்களுக்கும்.